வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

அஞ்சலையம்மாவை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு டிராக்டர் பெட்டியில். குறுவை நடவு நேரம். பெட்டியில் பாதிக்கு, கட்டுக் கட்டாக நாற்று முடிகள் கிடந்தன. அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மீதி இடத்தில் சாக்கை விரித்து அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். கூட நடவு நட்ட பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கால்களில் முழங்கால்வரை ஏறியிருந்த சேறு வரும் வழியிலேயே காய்ந்து வெடித்திருந்தது.

நான் பெட்டியில் ஏறிக் குனிந்தபோது கசங்கிய நாற்றின் பச்சை வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. துருப்பிடித்த இரும்பை ஈரத்தில் போட்டு வைத்தாற்போல. அந்த வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் எந்த நர்சுக்கும் மறக்காது.

"காப்பித் தண்ணியாட்டம் வாந்தி எடுக்குது சிஸ்டர்," என்றாள் ஒருத்தி. "ஆனா காலையிலேர்ந்து அது காப்பியே குடிக்கல. ஒண்ணுமே சாப்பிடாமத்தான் வயலுக்கு வந்துச்சு."

வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் அங்கே சுரக்கும் அமிலத்தில் ஊறினால் சிவப்பு மாறி, காப்பித்தூளைக் கரைத்த மாதிரி ஆகிவிடும். அது ரத்தம் என்று அந்தப் பெண்களிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே அழுகை கிளம்பும். ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொன்னேன்.

திருவையாறு போகிற சாலையில், குடமுருட்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது எங்கள் ஆஸ்பத்திரி. கன்னியர்கள் நடத்தியது. சின்னதுதான். பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் தஞ்சாவூருக்கு அனுப்புவோம். இருந்த ஒரே டாக்டரின் பெயர் ஞானராஜ். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். கத்தோலிக்கர்களான எங்கள் நடுவில் வாரம் பூராவும் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து அவருடைய கோயிலுக்குப் போய்விடுவார். எதைப் பார்த்தாலும் 'ஏன்' என்று கேட்கிற மனிதர். எனக்கும் அந்த வியாதி உண்டு. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அன்றைக்கு 'ஏன்' கேட்க நேரமில்லை. அஞ்சலையம்மாவின் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் இறக்கினோம். எதிர்ச்சாலை மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, உப்புநீர் பாட்டில்களை அதில் புதைத்துக் குளிர வைத்து, அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே உள்ளே விட்டு விட்டு வெளியே எடுத்தோம். குளிர்ச்சி பட்டால் ரத்தக் குழாய் சுருங்கும் என்பது அப்போதைய நம்பிக்கை. ஐஸ் அவசியமே இல்லை என்று பிற்பாடு சொல்லிவிட்டார்கள். என் விரல் மரத்துப்போனதுதான் மிச்சம்.

கூட வந்த பெண்களில் ஒருத்தியின் ரத்தம் ஒத்துவந்தது. கொடுத்து முடித்த கையோடு அவள் எழுந்து, "நாத்து வாடிப்போயிடும் சிஸ்டர், நான் கெளம்புறேன்," என்றாள். பிடித்து உட்கார வைத்து ஆரஞ்சுச் சாறு குடிக்க வைத்தோம்.

"சாயங்காலத்துக்குள்ள நிக்கலன்னா தஞ்சாவூருக்கு ஏத்திடுவோம்," என்றார் டாக்டர். மத்தியானத்துக்கு மேல் குழாயில் வந்த நீர் வெளுக்க ஆரம்பித்தது. பிறகு தெளிந்தது. அஞ்சலையம்மா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "நடவு முடிஞ்சுதா?"

ஆட்டுக்கறி கரைகிறது, வயிறு கரைவதில்லை

நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிற பெண்மணி ஒருவர் போன வாரம் காய்கறிக் கடையில் என்னை நிறுத்தி, "இத்தனை வருஷம் மருந்து குடுத்திருக்கீங்களே, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச மருந்து எது?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசிக்காமலே பதில் வந்தது: "வயித்துப்புண் மருந்து."

காரணம் உண்டு. நர்சிங் படிக்கும்போது உடற்கூறு வகுப்பில் நான் கேட்ட ஒரே நல்ல கேள்வி வயிற்றைப் பற்றியது. ஆட்டுக்கறியைக் கரைக்கிற அளவுக்கு அமிலம் வயிற்றில் இருக்கிறது. வயிறும் கறிதானே. அது ஏன் தன்னையே கரைத்துக்கொள்வதில்லை?

வகுப்பு எடுத்த சிஸ்டர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "நீ விரால் மீனைக் கையால பிடிச்சிருக்கியா?" என்றார்.

பிடித்திருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வற்றும்போது எல்லோரும்தான் பிடிப்போம். கைக்குள் வந்த மாதிரி இருக்கும், வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"அந்த வழவழப்பு மாதிரி ஒண்ணு வயித்துக்குள்ள பூசியிருக்கு. அமிலம் அதைத் தாண்டி வராது. அந்தப் பூச்சு இருக்கிறவரைக்கும் வயிறு பிழைச்சுது."

அன்று முதல் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு விரால் மீன் படுத்திருப்பது போலவே தோன்றும். பூச்சு எதனால் போகும், போனால் எதைக்கொண்டு திரும்பப் பூசலாம் என்று தேடித் தேடிப் படித்தேன். மற்றவர்கள் இதயத்தைப் பற்றிப் பேசினால் நான் வயிற்றைப் பற்றிப் பேசுவேன். விடுதியில் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத வேண்டாம்.

மாட்டோடு வந்த மிராசுதார்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வயிற்றுப்புண்ணுக்குப் பெரிய மருந்து பால்தான். ஒரு மணிக்கு ஒரு தடவை பால். இடையிடையே வெள்ளைக் கூழ் போன்ற மருந்து. பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி மூடியில் அளந்து ஊற்ற வேண்டும். சுண்ணாம்பையும் புதினாவையும் சேர்த்து அரைத்த வாசனை. வார்டில் எல்லோர் உதட்டிலும் வெள்ளைக் கோடு இருக்கும்.

அப்போது திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மிராசுதார் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரிப் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். மறுநாள் அவர் வீட்டுப் பசுவும் கன்றும் வேனில் வந்து இறங்கின. புளியமரத்தடியில் கட்டினார்கள். கன்னியர் மடத்துத் தலைவியான மடமாதா பொறுத்துப் பார்த்தார். பசு தோட்டத்துச் செம்பருத்தியை மேய்ந்த அன்றைக்கு மிராசுதாரையும் பசுவையும் சேர்த்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்.

பால் அந்த நேரத்துக்கு எரிச்சலை அடக்கும், ஆனால் குடித்த கொஞ்ச நேரத்தில் வயிற்றை இன்னும் கூடுதலாக அமிலம் சுரக்க வைக்கும் என்று பிறகுதான் படித்தேன். அத்தனை பேருக்கு அத்தனை டம்ளர் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். படித்த அன்று டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "அப்ப பசு வந்தது வீணா?" என்றார்.

மோட்டார் பைக்கில் வந்த மருந்துகள்

அப்புறம் காலம் மாறியது. கறுப்புப் பையும் டையுமாக மருந்து கம்பெனி ஆட்கள் மோட்டார் பைக்கில் எங்கள் ஆஸ்பத்திரி வரைக்கும் வர ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் ஊருக்கு வெளியே இருந்த எங்களை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய பெயர், ஒரு புதிய நிறம்.

அமிலத்தைச் சுரக்கவிடாமல் குறைக்கிற மாத்திரை வந்தது. புண்ணின் மேல் போய்ப் பசை மாதிரி ஒட்டிக்கொள்கிற மருந்து வந்தது. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கொடுப்பது கஷ்டம். வயிறு காலியாக இருக்கும்போது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். வெள்ளைக் கூழோடு சேர்த்துக் கொடுத்தால் சரியாக ஒட்டாது. அதைக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்க வேண்டும். எங்கள் நோயாளிகளில் பாதிப் பேரிடம் கடிகாரம் கிடையாது. அதனால் நான் பஸ்ஸை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். "கும்பகோணம் பஸ் போறப்ப இது. ஸ்கூல் பெல் அடிக்கறப்ப கஞ்சி. அதுக்கப்புறம்தான் வெள்ளை மருந்து." ஒருநாள் பஸ் வேலைநிறுத்தம். வார்டே மருந்து குடிக்காமல் உட்கார்ந்திருந்தது.

பிறகு குப்பி மாத்திரை, அதாவது கேப்சூல் வந்தது. உள்ளே கடுகைவிடச் சின்ன உருண்டைகள் இருக்கும். அமிலம் சுரக்கிற இடத்தின் வாசலையே சாத்திவிடுகிற மருந்து என்றார் டாக்டர். அந்த உருண்டைகளின் மேல் ஒரு பூச்சு உண்டு. வயிற்று அமிலம் மருந்தையே கெடுத்துவிடாமல் இருக்க அந்தப் பூச்சு. விழுங்கத்தான் வேண்டும், கடிக்கக் கூடாது. எங்கள் நோயாளி ஒருவருடைய மனைவி அக்கறையோடு குப்பியைத் திறந்து உருண்டைகளை அம்மியில் வைத்து நுணுக்கிக் கஞ்சியில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "அவருக்குத் தொண்டையில நிக்குதுன்னு சொன்னாரு சிஸ்டர்." மருந்து ஏன் கேட்கவில்லை என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த மாத்திரைகளோடு இன்னொரு வகையும் வந்துகொண்டிருந்தது. வளைகுடாவிலிருந்து. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் துபாய், குவைத், மஸ்கட் என்று போயிருந்த நேரம் அது. ஊருக்கு வருகிறவர்கள் பேரீச்சம்பழம், தைலம், சோப்பு, பால்பவுடர் டின், தடிமனான கம்பளி எல்லாம் கொண்டுவருவார்கள். கூடவே மாத்திரைகளும். அரபி எழுத்துப் போட்ட அட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, "இது எதுக்குன்னு பாத்துச் சொல்லுங்க சிஸ்டர்," என்று பெண்கள் கேட்பார்கள். நான் ஓரத்தில் ஆங்கிலம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பித் தேடுவேன். பிள்ளைகள் ஆசையாக அனுப்பியது, தூக்கிப் போடவும் மனசு வராது. காய்ச்சலுக்கு, சளிக்கு, தலைவலிக்கு என்று தெரிந்ததைச் சொல்லி அனுப்புவேன்.

நடவு வந்தால் வயிறு புண்ணாகிறது

மறுபடி அஞ்சலையம்மாவுக்கு வருகிறேன்.

ரத்தம் நின்று தேறியதும் டாக்டர் அவரைத் தஞ்சாவூருக்கு அனுப்பி, வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொன்னார். வயிற்றின் அடிப்பக்கத்தில் ஒரு புண். சரி, எதனால்? டாக்டர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விசாரித்தார்.

"சாராயம் உண்டா?"

"அய்ய."

"வெத்திலை, புகையிலை?"

"வெத்திலை மட்டும். அதுவும் சோறு தின்ன பிறகு."

"காரம் நிறைய சேப்பீங்களா?"

"கறிக்குழம்பு என்னைக்காவது வச்சாத்தான் காரமுங்க."

"உடம்பு வலிக்குக் கடையில மாத்திரை வாங்கிப் போடுவீங்களா?"

"கடை மாத்திரையா? நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க டாக்டரய்யா."

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. வலி மாத்திரைகளில் சில, வயிற்றின் அந்த வழவழப்புப் பூச்சையே சுரக்கவிடாமல் செய்துவிடும். எங்கள் பக்கத்தில் நடவுப் பெண்கள் பலர் பெட்டிக்கடையில் சில்லறைக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குவது எங்களுக்குத் தெரியும். நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நிற்கிற இடுப்பு வேறு என்ன செய்யும்? ஆனால் அஞ்சலையம்மா பொய் சொல்கிற ஆள் மாதிரி இல்லை. அவர் நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். அவர் வார்த்தையை நம்பித்தான் அந்தப் பெண்கள் விடிவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள்.

வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகன் கலியமூர்த்தி குவைத்தில் இருந்தான். "கம்பெனி ஸ்டோர்ல உத்தியோகம்," என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

மாத்திரை கொடுத்து அனுப்பினோம். புண் ஆறியது. முகம் தெளிந்து வந்து காட்டிவிட்டுப் போனார். எல்லாம் சரி என்று நினைத்தோம்.

சம்பா நடவு வந்தது. அஞ்சலையம்மாவும் வந்தார். இந்தத் தடவை வாந்தி இல்லை. மலம் தார் மாதிரி கறுத்துப் போகிறது, நாலு அடி நடந்தால் தலை சுற்றுகிறது. கண் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே ரத்தமே இல்லை, பூசணி விதை மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதே புண், அதே இடம்.

டாக்டருக்குத் தூக்கம் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "லூர்து, கவனிச்சீங்களா? குறுவை நடவுல ஒருதரம். சம்பா நடவுல ஒருதரம். நடுவுல நல்லா இருந்திருக்காங்க. நடவு வந்தா வயிறு புண்ணாகுது. ஏன்?"

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். காலையில் சாப்பிடாமல் போகிறார்கள். வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கிறார்கள். நாள் பூரா குனிவதால் அமிலம் மேலே வருமோ என்னவோ. அவர் ஒவ்வொன்றாக யோசித்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். வயிற்றுப்புண்ணுக்கு ஒரு கிருமியும் காரணம் என்று வெளிநாட்டில் கண்டுபிடித்த சேதி அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. அந்தக் கிருமியாக இருக்குமோ என்று கொஞ்ச நாள் அலைந்தார். "கிருமிக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? நடவு பாத்தா வரும்?" என்று அதையும் அவரே தள்ளி வைத்தார்.

கடைசியில், "இன்னொரு தரம் ரத்தம் போனா தாங்க மாட்டாங்க. ஆபரேஷனுக்கு அனுப்பிடலாம்," என்றார். வயிற்றில் ஒரு பகுதியை எடுத்துவிடுகிற ஆபரேஷன். செய்துகொண்டால் பழையபடி வயலில் இறங்குவது கஷ்டம். அஞ்சலையம்மாவிடம் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் நடலன்னா அந்தப் புள்ளைங்களை யாரு கூட்டிட்டுப் போவா?" என்று மட்டும் கேட்டார்.

எதிர்ச்சாலை பூத்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே அப்போது புதிதாக ஒரு டெலிபோன் பூத் வந்திருந்தது. கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு சின்ன மின்விசிறி, சிவப்பு எழுத்தில் காசு ஓடுகிற பெட்டி. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பூத் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொன்னால், பூத்காரர் வந்து ஆளை அழைத்துப் போவார்.

ஆபரேஷன் பேச்சு வந்த மறுநாள் மத்தியானம் பூத்காரர் மூச்சு வாங்க வார்டுக்கு வந்தார். "அஞ்சலையம்மா மகன் லைன்ல இருக்கான்." அஞ்சலையம்மா கையில் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க போய்ப் பேசிட்டு வாங்க சிஸ்டர்," என்றார். போனேன்.

"அம்மாவா?"

"இல்ல தம்பி. நான் ஆஸ்பத்திரி நர்ஸ் லூர்து. அம்மாவுக்கு டிரிப்ஸ் போயிட்டிருக்கு, அதான் நான் வந்தேன். இப்ப பரவாயில்ல. நல்லா பேசறாங்க."

நான் பேசியது எனக்கே ஒருமுறை திரும்பிக் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவன் குரல் வந்தது.

"ஆபரேஷன்னு சொல்றாங்களாம், ஊர்க்காரங்க சொன்னாங்க."

"டாக்டர் யோசிக்கிறாரு. இன்னும் முடிவாகல."

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்கு இடுப்பு வலி. அதுக்கு நான் மாத்திரை குடுத்தனுப்பிட்டிருக்கேன். ஆஸ்பத்திரியிலயும் அதை விடாம குடுக்கறீங்களா? அது இல்லாம அம்மா எந்திரிக்காது."

கண்ணாடிக் கூண்டுக்குள் எனக்கு வியர்த்தது.

"என்ன மாத்திரை தம்பி?"

"இங்க கம்பெனி கிளினிக்ல குடுக்கிறது. ரோஸ் கலர்ல இருக்கும். நல்ல மாத்திரை சிஸ்டர். காலையில ஒண்ணு போட்டா நாள் பூரா குனியலாம்." அவன் அட்டையைப் பார்த்து ஆங்கிலப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னான்.

எனக்குத் தெரிந்த மருந்துதான். வலிக்கு நன்றாகக் கேட்கும். வயிற்றின் பூச்சை எடுப்பதில் அதற்கு இணை அப்போது குறைவு.

"அம்மாகிட்ட பேசிக்கிறேன். இப்போதைக்கு வேற அனுப்ப வேண்டாம் தம்பி."

"ஏன் சிஸ்டர், ஒத்துக்கலையா?"

"வயிறு முதல்ல ஆறட்டும்."

"சரி சிஸ்டர்," என்றான்.

கடை மாத்திரை இல்லை

நேரே டாக்டரிடம் போனேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். இருவரும் அஞ்சலையம்மாவின் கட்டிலுக்குப் போனோம்.

"அம்மா, குவைத்திலேர்ந்து வலி மாத்திரை வருதாமே. சொல்லவே இல்லையே நீங்க?" என்று கேட்டேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கடை மாத்திரையான்னுதானே கேட்டாரு டாக்டரய்யா. அது கடை மாத்திரை இல்லீங்களே. எம்புள்ள குடுத்தனுப்பறது."

யார் ஊருக்கு வந்தாலும் அவர்கள் கையில் ஒரு பொட்டலம் வரும். பால்பவுடர் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். சும்மா இருக்கும் நாளில் தொடுவதில்லை. நடவு நாளில் மட்டும், விடிகாலையில் எழுந்து, வெறும் தண்ணீரில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். மத்தியானம் வலித்தால் இன்னொன்று. மற்றப் பெண்கள் கேட்டாலும் கொடுத்ததில்லையாம். "அது எம்புள்ள எனக்குன்னு அனுப்புனது." அரபி அட்டையை ஏன் எங்களிடம் காட்ட வரவில்லை என்று இப்போது புரிந்தது. எதற்கு என்று அவருக்குத்தான் தெரியுமே.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான்தான் கேக்கத் தெரியாம கேட்டுட்டேன்," என்றார். பிறகு பூச்சைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். விரால் மீனையும் நடுவில் சேர்த்துக்கொண்டார், என்னிடமிருந்து கேட்டது. அஞ்சலையம்மா எல்லாவற்றையும் கேட்டார். முகத்தில் பயமில்லை. வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப ஆபரேஷன் வேணாமுங்களா?"

"அந்த மாத்திரையை விட்டுட்டா வேணாம்னுதான் நினைக்கிறேன்."

"விட்டுடறேன். ஆனா அவன்கிட்ட சொல்லிடாதீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் அனுப்புனதாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா, அங்க தனியா கெடந்து அழுவான். வேற ஒண்ணும் கேக்கல சிஸ்டர்."

நான் சரி என்றேன். டாக்டர் தலையாட்டவில்லை. "நானா சொல்ல மாட்டேன். அவனா என்கிட்ட கேட்டா பொய் சொல்ல மாட்டேன்," என்றார். வெளியே வந்ததும் இதைப் பற்றி எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். அவன் வேறு யாருக்காவது அதையே கொடுப்பானே, அவனே விழுங்கிக்கொண்டிருப்பானே என்பது அவர் கட்சி. ஒரு தாய் கேட்ட ஒரே ஒரு விஷயம் என்பது என் கட்சி. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முடிவு ஒன்றும் வரவில்லை.

குப்பி மாத்திரை கொடுத்தோம். காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, கடிக்காமல், நுணுக்காமல். வலிக்கு வயிற்றைத் தொந்தரவு செய்யாத சாதாரண மாத்திரை, அதுவும் தாங்க முடியாதபோது மட்டும். இடுப்புக்கு ஒத்தடம். வயலுக்குப் போகுமுன் கஞ்சி கட்டாயம். அஞ்சலையம்மா தானும் குடித்து, கூட வருகிற பெண்களையும் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு சொம்பு கஞ்சி குடிக்க வைத்த பிறகே நடவுக்குக் கூட்டிப் போவதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

தை பிறந்த பிறகு

அஞ்சலையம்மாவுக்கு அதற்கப்புறம் ரத்தம் போகவே இல்லை. பல நடவு பார்த்தார். கடைசிவரை கத்தி அவர் வயிற்றைத் தொடவில்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்ல வந்தது அவர் வயிறு ஆறிய கதை மட்டும் இல்லை.

பொங்கல் கழிந்து சில நாளில் வெளிநோயாளிகள் பிரிவுக்கு அஞ்சலையம்மா வந்தார். புதுப்புடவை. பக்கத்தில் ஒரு இளைஞன். பளபளப்பான முழுக்கைச் சட்டை, கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. ஆறடி இருப்பான். ஆனால் நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெரியவர்கள் நடப்பது போல நடந்தான்.

"எம்புள்ள சிஸ்டர். லீவுல வந்திருக்கான்."

டாக்டர் அஞ்சலையம்மாவைப் பார்த்து முடித்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், வலியில்லை. கண் இமையில் ரத்தம் ஏறியிருந்தது. எல்லாம் நல்லபடி இருந்தது. அப்போது கலியமூர்த்தி பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"டாக்டர், அம்மாவுக்குப் புண்ணு வந்தது நான் அனுப்புன மாத்திரையாலதானே?"

"அதெல்லாம் இல்லடா," என்றார் அஞ்சலையம்மா அவசரமாக. "நேரத்துக்குச் சாப்பிடாததால வந்துச்சு. சொல்லுங்க சிஸ்டர்."

நான் மேஜை விரிப்பைப் பார்த்தேன்.

"நீ சும்மா இரும்மா. எனக்கு அப்பவே தெரியும். சிஸ்டர் போன்ல 'இப்போதைக்கு வேண்டாம்'னு சொன்னாங்கள்ல, அன்னைக்கே கிளினிக்ல இருக்கிற கேரளத்து நர்சுகிட்ட போய்க் கேட்டேன். அவங்க எல்லாத்தையும் சொன்னாங்க. ஒனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவியேன்னுதான் கம்பெனில மாத்திரை நிறுத்திட்டாங்கன்னு சொன்னேன்."

தாயும் மகனும் இத்தனை மாதமாக ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மறைத்திருக்கிறார்கள்.

டாக்டர் சொன்ன வார்த்தையை மீறவில்லை. "ஆமா தம்பி, அந்த மாத்திரைதான். ஆனா அது கெட்ட மாத்திரை இல்ல. வெறும் வயித்துல, திரும்பத் திரும்பப் போட்டதாலதான் வந்தது. தெரிஞ்சு யாரும் செய்யல." பிறகு அவருடைய பழைய பழக்கம் வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல. கம்பெனி கிளினிக்ல ஒருத்தருக்கு இவ்வளவு மாத்திரை ஏன் குடுக்கறாங்க? ஊருக்கு அனுப்பறதுக்குன்னா குடுக்க மாட்டாங்களே."

கலியமூர்த்தி பேரீச்சம்பழப் பெட்டியின் மூடியைச் சரி செய்தான்.

"சொல்லு தம்பி," என்றேன்.

"எனக்குக் குடுத்ததுதான் சிஸ்டர். முதுகு வலிக்கு. ஸ்டோர்ல மூட்டை தூக்கற வேலை. வாரா வாரம் வரிசையில நின்னு வாங்குவேன். நான் போட்டுக்கல. எடுத்து வச்சு, யாராவது ஊருக்குப் போறப்ப குடுத்துவிடுவேன்."

வெளியே பெஞ்சில் காத்திருந்த குழந்தை ஒன்று இருமிக்கொண்டிருந்தது. 'ஸ்டோர்ல உத்தியோகம்' என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அப்ப ஒனக்கு வலிச்சப்ப எதைடா போட்டுக்கிட்ட?" என்றார் அஞ்சலையம்மா.

"ஒண்ணுமில்லம்மா. படுத்தா சரியாயிடும்."

அவர் எழுந்தார். மகனுக்குப் பின்னால் போய், சட்டைக்கு மேலேயே முதுகில் கையை வைத்து, மேலிருந்து கீழாகத் தடவினார். ஒரு இடத்தில் கை நின்றது. அவன் பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது.

"டாக்டரய்யா, என் வயித்த விடுங்க, அது ஆறிப்போச்சு. இவன் முதுகக் கொஞ்சம் பாருங்க."

டாக்டர் எழுந்து பரிசோதனைக் கட்டிலைக் காட்டினார். கலியமூர்த்தி கூச்சத்தோடு என்னைப் பார்த்து, நகராமல் நின்றான். அந்தப் பளபளப்புச் சட்டையின் பொத்தான்களை அவன் அம்மாவே ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.